பெண்களைப் பாடும் இசைமாலை: முதன்முறை ஆர்க்கெஸ்ட்ரா கேட்கப் போகிறவர்களின் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் டர்பன் சிட்டி ஹாலில் ஒரு கச்சேரி. வலிமையான பெண்களைப் பற்றிய பழைய இசையும் நம் காலத்து இசையும் ஒரே மேடையில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் ஆயாக்கள், தாத்தாக்கள், இரண்டு அத்தைமார் என்று சாட்ஸ்வர்த்திலிருந்து கொம்பி (வாடகை வேன்) பிடித்துப் பதினெட்டுப் பேர் போகிறோம். எனக்கு இந்தப் பழக்கம் இருபது வருடமாக உண்டு. மற்றவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் தடவை. டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

உருப்படிகள் நான்கு. ஜோன் டவரின் ஃபேன்ஃபேர் (ஊதுவாத்தியங்கள் முழங்கும் சின்ன உருப்படி), பேத்தோவனின் லியோனோரா மூன்றாம் ஓவர்ச்சர் (நாடகத்துக்கு முன்னிசை), கிளாரா ஷூமனின் பியானோ கன்சர்ட்டோ (தனிப் பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிப்பது). இடைவேளைக்குப் பிறகு ரிம்ஸ்கி கோர்சகோவின் ஷெஹெராசாத்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடுவார்களே, அதுவா?

இல்லை. அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு, டிரம்ஸ், பாடகர் இருவர், ஊரை எழுப்பும் ஸ்பீக்கர். இங்கே ஸ்பீக்கரே கிடையாது. அறுபது எழுபது பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள், அந்தச் சத்தம் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை வந்து சேரும். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்ஃபனி லண்டனில் அரங்கேறியதே, அதே மாதிரிக் குழு என்று சொன்னால் உங்களுக்குப் படம் வந்துவிடும்.

ஏன் ஆகஸ்ட்? மகளிர் தினம் மார்ச்சில்தானே?

உலகத்துக்கு மார்ச் 8, தென்னாப்பிரிக்காவில் நமக்கு ஆகஸ்ட் 9. 1956இல் அந்த நாளில் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸுக்கு நடந்து போனார்கள். கறுப்பினப் பெண்களும் பாஸ் புத்தகம் (நடமாட்ட அனுமதிச் சீட்டு) சுமக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து நடந்த ஊர்வலம் அது. லிலியன் ந்கோயி, ஹெலன் ஜோசப், சோஃபியா வில்லியம்ஸ் முன்னால் நின்றார்கள். நம் இந்திய வழியிலிருந்து ரஹீமா மூசா. பிரதமர் ஸ்ட்ரைடம் அவர்களைச் சந்திக்கவில்லை. மனுக்களை வாசலில் குவித்துவிட்டு அரைமணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். பிறகு பாடினார்கள்.

அந்தப் பாட்டின் அடியை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள்: பெண்ணைத் தொட்டாய், பாறையைத் தொட்டாய் என்று போஸ்டரில் போடுவார்கள். ஸுலுவில் அந்தச் சொல் இம்போகொடோ. இம்போகொடோ என்றால் மலைப்பாறை இல்லை. மீலி (மக்காச்சோளம்) அரைக்கக் கையில் பிடிக்கும் உருண்டைக் கல். நம் வீட்டு அம்மிக்குழவி! ‘பெண்ணைத் தொட்டாய், அம்மிக்குழவியைத் தொட்டாய்.’ எங்கள் ஆயா இதைக் கேட்டதும், “அப்ப விரல் நசுங்கும்” என்றார். இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

பாட்டே இல்லையாமே? வார்த்தை இல்லாமல் கதை எப்படிப் புரியும்?

முழுக்கப் புரியாது, புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் காவடிக்கு நாதஸ்வரம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்போதே சாமி புறப்பட்டாயிற்று என்று யாரும் சொல்லாமலே தெரிகிறதல்லவா? அந்த அளவு புரிந்தால் போதும். ஒவ்வொரு உருப்படியிலும் எதைப் பிடித்துக்கொள்வது என்று மட்டும் கீழே சொல்கிறேன்.

லியோனோரா யார்? புருஷனைக் காப்பாற்றினால்தான் வலிமையான பெண்ணா?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் பதினைந்து வயதுப் பெண். சரியான கேள்வி.

பேத்தோவன் முடித்த ஒரே ஓபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) ஃபிடேலியோ. முதலில் 1805இல் மேடை ஏறியது, திருத்தித் திருத்திக் கடைசி வடிவம் 1814இல் வந்தது. அதற்கு முன்னிசையாக நான்கு ஓவர்ச்சர் எழுதிப் பார்த்தார். 1806இல் எழுதிய இந்த மூன்றாவதுதான் மிகப் பெரியது. பெரியது என்பதே அதன் சிக்கல். பதினான்கு நிமிடத்தில் நாடகம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு திரையை எதற்குத் தூக்குவது? அதனால்தான் இப்போது கச்சேரியில் தனியாக வாசிக்கிறார்கள்.

கதை இது. புளோரஸ்தான் உண்மை பேசியதற்காக ரகசியமாக நிலவறையில் அடைக்கப்படுகிறான். அடைத்தவன் சிறையதிகாரி பிட்சாரோ. மனைவி லியோனோரா ஆண்வேடம் போட்டு, ஃபிடேலியோ என்று பெயர் வைத்துக்கொண்டு, அதே சிறையில் வேலைக்குச் சேர்கிறாள். கைதியைக் கொல்வதற்கு முன்பே அவனுக்குக் குழி தோண்டச் சொல்கிறார்கள். இருட்டு, கைதியின் முகம் தெரியவில்லை. அங்கே அவள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்: நீ யாராக இருந்தாலும் சரி, உன்னைக் காப்பாற்றுவேன். கணவன் என்று தெரிந்து எடுத்த முடிவில்லை அது. சாவித்திரிக்கு எதிரே கிடப்பது சத்தியவான் என்று தெரியும், இவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். “அப்ப ஓகே” என்றாள்.

கேட்க வேண்டிய இடம்: இசை வேகம் எடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்று, வெளியிலிருந்து ஒரு டிரம்பெட் கேட்கும். மந்திரி வந்துவிட்டார், கொலை நடக்காது என்று கோபுரத்திலிருந்து ஊதும் சேதி. குழு மெல்ல, நம்ப முடியாமல், நாலு அடி வைக்கும். மறுபடியும் டிரம்பெட். ஊதுபவர் மேடையில் இருக்க மாட்டார், கதவுக்கு வெளியே நிற்பார். இப்படி வெளியே நின்று ஊத ஆரம்பித்தவரைக் காவலாளி வந்து, “உள்ளே கச்சேரி நடக்குது, இங்கே ஊதாதே” என்று பிடித்து இழுத்ததாக இசைக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு.

நம் நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு கனம். 2004இல் இந்த ஓபராவை மண்டேலா சிறையிருந்த ராபன் தீவிலேயே நடத்தினார்கள்.

முதல் உருப்படி மூன்று நிமிடம்தானாமே? லேட்டாக வந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்துத்தான் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். தயவுசெய்து வந்துவிடுங்கள். நடுவில் கதவைத் திறக்க மாட்டார்கள்.

1942இல் ஆரன் கோப்லண்ட் என்ற அமெரிக்கர் சாதாரண மனிதனுக்காக ஒரு ஃபேன்ஃபேர் எழுதினார். ராஜாவுக்கும் தளபதிக்கும் ஊதும் வாத்தியத்தைத் தெருவில் போகிறவனுக்கு ஊதினார், நல்ல எண்ணம். ஆனால் தலைப்பில் இருந்தவன் ஆண். 1986இல் ஜோன் டவர் (1938இல் பிறந்தவர், பொலிவியாவில் வளர்ந்தவர்) அதே வாத்தியங்களை எடுத்துக்கொண்டு, சாதாரணமில்லாத பெண்ணுக்கு என்று பதில் எழுதினார். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், ட்யூபா, தாளவாத்தியம், அவ்வளவுதான். ஒரு வயலின்கூடக் கிடையாது. கோப்லண்டுடையது கோபுரம் மாதிரி அசையாமல் நிற்கும். டவருடையது நிற்காது, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற பிள்ளை மாதிரி. துணிந்து இறங்கும் பெண்களுக்கு என்று சொல்லி எழுதினார். முதல் ஃபேன்ஃபேரை ஒரு பெண் நடத்துநருக்கு (முன்னால் நின்று கையசைத்து இசைக்குழுவை நடத்துபவர்) சமர்ப்பித்தார், மரின் ஆல்சப்புக்கு. பிறகு இன்னும் ஐந்து எழுதினார்.

கிளாரா ஷூமன் என்றால் ஷூமனுடைய மனைவிதானே?

ஆமாம். அப்படித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: ராபர்ட் ஷூமன் என்றால் கிளாராவுடைய கணவர்தானே? அந்தக் காலத்து ஐரோப்பாவில் பல ஊர்களில் அவரை அப்படித்தான் தெரியும். மேடையில் புகழ் பெற்றவர் கிளாரா.

இந்தக் கன்சர்ட்டோவை எழுத ஆரம்பித்தபோது கிளாராவுக்கு வயது 13. கடைசிப் பகுதியைத்தான் முதலில் எழுதினார். அதன் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்துக்கு ராபர்ட் கைகொடுத்தார், அப்போது கல்யாணம் ஆகவில்லை. 1835 நவம்பர் 9, லைப்ஸிக் நகரம், கெவான்ட்ஹவுஸ் அரங்கு. 16 வயதுப் பெண் தானே எழுதியதைத் தானே வாசிக்கிறார், நடத்தியவர் மெண்டல்சன். நம் வகுப்பில் பள்ளியின் கடைசித் தேர்வான மெட்ரிக் எழுதப்போகும் பிள்ளைகளைவிடச் சின்னவர்.

நான்கு வருடம் கழித்து அதே கிளாரா நாட்குறிப்பில் எழுதினார்: எனக்குப் படைக்கும் திறமை இருப்பதாக ஒருகாலத்தில் நம்பினேன், அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன், பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரை எந்தப் பெண்ணாலும் முடியவில்லை, என்னால் மட்டும் முடியுமா? இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ வெளியாள் திட்டியிருந்தால் கோபம் வரும். அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டார், அதுவும் இந்தக் கன்சர்ட்டோவை எழுதிய பிறகு. எட்டுப் பிள்ளைகள் பெற்றார், 1856இல் கணவர் இறந்த பிறகு கச்சேரி செய்தே குடும்பத்தைக் காப்பாற்றினார், எழுதுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். பின்னாளில் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் வந்தது.

கேட்க வேண்டிய இடம் நடுப்பகுதி. இத்தனை பேர் மேடையில் இருந்தும் கை கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். பியானோ தனியாக. கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு செல்லோ (வயலினின் பெரிய அண்ணன்) எழுந்து பக்கத்தில் வரும். பெரிய வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்களையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது மாதிரி. 13, 14, 15 வயதில் இதை எப்படித் தெரிந்துகொண்டார்?

ஷெஹெராசாத் கதையில் ராஜா பெண்களைக் கொல்கிறானே. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அப்படியே சொல்லுங்கள். இரணியன் கதையையும் கம்சன் கதையையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே.

ஒரு மனைவி ஏமாற்றினாள் என்று சுல்தான் தினம் ஒரு பெண்ணைக் கட்டி விடிந்ததும் கொல்கிறான். ஷெஹெராசாத் தானாக முன்வந்து அவனைக் கட்டுகிறாள். ராத்திரி கதை ஆரம்பித்து, விடியும் நேரத்தில் பாதியில் நிறுத்துகிறாள். மீதியைக் கேட்க அவளை உயிரோடு விட வேண்டும். 1001 இரவு இப்படி. நமக்கு வேதாளம் சொன்ன கதைகள் தெரியும். ஆனால் அங்கே கதை கேட்கிற விக்கிரமாதித்தன் தலைக்குத்தான் ஆபத்து, இங்கே சொல்கிறவள் தலைக்கு.

ரிம்ஸ்கி கோர்சகோவ் ரஷ்யக் கடற்படையில் அதிகாரியாக இருந்து கப்பலில் பல நாடு பார்த்தவர். 1888இல் இதை எழுதினார். ஆரம்பத்திலேயே இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். முதலில் கனத்த வாத்தியங்கள் எல்லாம் ஒரே சுரக்கோவையில் மிதித்துக்கொண்டு வரும், அது சுல்தான். பிறகு ஒற்றை வயலின், ஹார்ப் (யாழ் மாதிரி) மட்டும் துணைக்கு. அது அவள். வாசிப்பவர் நடத்துநருக்கு இடப்பக்கம் முதல் நாற்காலியில் இருக்கும் லீடர். ஒவ்வொரு பகுதியிலும் ஏதோ ஓரிடத்தில் அந்த வயலின் திரும்ப வரும். வரும்போதெல்லாம், இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசியில் சுல்தானின் அதே மெட்டு செல்லோவிலும் டபுள் பேஸிலும் மெல்ல முனகிக்கொண்டு வரும், பல்லெல்லாம் போய்விடும். அவள் வயலின் மேலே ஏறி, தந்தியின் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் யாரும் மூச்சு விட மாட்டார்கள். போன தடவை எனக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அரித்தது. இருமல் மிட்டாயின் தாளைப் பிரித்தேன். சிட்டி ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். இந்தத் தடவை வீட்டிலேயே தாளை உரித்து டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வருகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எந்தப் பகுதியில் எந்தக் கதை என்று சிலர் கேட்டார்கள். சிந்துபாத்தின் கப்பல், பாக்தாத் திருவிழா என்றெல்லாம் முதலில் பெயர் வைத்தார், பிறகு அவரே எடுத்துவிட்டார். அதனால் உங்கள் கப்பலை நீங்களே ஓட்டுங்கள்.

இதை எழுதியவரும் ஆண், லியோனோராவை எழுதியவரும் ஆண். அப்புறம் என்ன பெண்கள் கச்சேரி?

என் மனத்தில் இருப்பதை மருமகள் கேட்டுவிட்டாள். பெண்ணைப் பற்றி எழுதுவது வேறு, பெண் எழுதுவது வேறு. நான்கில் இரண்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். நேரக் கணக்குப் பார்த்தால் ஆண்கள் ஒரு மணி நேரம், பெண்கள் இருபத்தைந்து நிமிடம். இது எனக்கும் உறுத்துகிறது. ஷெஹெராசாத்துக்குப் பதில் பாரிஸின் லூயிஸ் ஃபாரென்க் 1847இல் எழுதிய மூன்றாம் சிம்ஃபனியையோ, 1933இல் சிகாகோவில் அரங்கேறிய ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்ஃபனியையோ வைத்திருக்கலாம். பிரைஸ் கறுப்பினப் பெண். அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று அப்படி ஒருவரின் சிம்ஃபனியை வாசித்தது அதுதான் முதல்முறை. ஆனால் ஷெஹெராசாத் என்றால் டிக்கெட் விற்கும், உண்மையைச் சொன்னால் நானும் அதற்குத்தான் முதலில் வாங்கினேன்.

வித்தியாசத்தைக் காதால் பிடிக்கப் பாருங்கள். ஆண்கள் எழுதிய இரண்டிலும் அவளுக்கு எதிரே ஒருவன் நிற்கிறான்: பிட்சாரோ, சுல்தான். டவரிலும் கிளாராவிலும் எதிராளி யாரும் எனக்குக் கேட்பதில்லை. இது என் காது, உங்கள் காது வேறு சொல்லலாம். திரும்பும்போது கொம்பியில் சண்டை போடலாம்.

நம் தில்லையாடி வள்ளியம்மை ஏன் இல்லை?

கேட்ட தாத்தாவுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தக் கச்சேரியில் இல்லை, இருந்திருக்கலாம். ஜொகானஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913 சத்தியாகிரகத்தில் தாயோடு சேர்ந்து எல்லையைத் தாண்டி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலில் விழுந்தாள். வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் போய்ச் சேர்ந்தாள். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது பிடித்தாலும் போவேன் என்றாள். கிளாரா பியானோ முன்னால் உட்கார்ந்த அதே வயது. இதற்கு மேல் என்ன கதை வேண்டும் ஒருவருக்கு?

முடியாத காரியமும் இல்லை. மாகோகோ இளவரசி, ஸுலு அரச குடும்பத்துப் பெண், தானே பாட்டுக் கட்டியவர், உகூபு என்ற வில்வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடுவார். வில்லில் சுரைக்குடுக்கை கட்டியிருக்கும், குச்சியால் தட்டுவார்கள். நம் வில்லுப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையை வைத்து ம்ஸிலிகாசி குமாலோ ஸுலு மொழியில் ஓபரா எழுதி, 2002இல் இதே டர்பனில் அரங்கேறியது. திரௌபதிக்கும் இங்கே இசை இருந்தது; கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் தெருக்கூத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். வயலின் கற்கும் நம் பிள்ளைகளில் யாராவது ஒருநாள் வள்ளியம்மையை எழுதட்டும். தாத்தா முதல் வரிசை டிக்கெட் கேட்டு வைத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே சத்தமாகச் சேர்ந்து வாசிக்கிறார்களே, அது எந்த உருப்படி?

சிரிக்காதீர்கள், நானும் முதல் தடவை அதற்குக் கை தட்டினேன். சுருதி சேர்ப்பது. ஓபோ என்ற குழல் ஒரு சுரம் ஊதும், மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போவார்கள். நமக்குத் தம்புரா கடைசிவரை கூடவே ஓடும். இவர்கள் ஒரு தடவை சேர்த்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

கை எப்போது தட்டுவது?

நடத்துநர் கையைக் கீழே இறக்கி நம் பக்கம் திரும்பியதும். நம் கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் “பலே” என்போம், தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவோம். இங்கே உருப்படி முழுவதும் முடியும்வரை காத்திருப்பது வழக்கம். கிளாராவின் மூன்று பகுதிகளும் நிறுத்தாமல் ஓடும், ஆகையால் அதில் தவறு நேர இடமில்லை. ஷெஹெராசாத்தில் நான்கு பகுதி, நடுவில் நிறுத்தம் உண்டு, அங்கேதான் கவனம். மறந்து தட்டிவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

என்ன உடுத்துவது?

புடவை தாராளமாக. ஆகஸ்ட் ராத்திரி, சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் தூங்கிவிட்டால்?

தூங்கட்டும். குறட்டை விடும் பெரியவர்களைத்தான் இடிக்க வேண்டியிருக்கும். முழித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஹார்ப் வாசிப்பவரின் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே ஏழு பெடல் இருக்கும். கை மேலே தந்தியில் இருக்க, கால் சத்தமில்லாமல் பெடல் மாற்றிக்கொண்டே இருக்கும். தையல் மெஷின் மிதித்த ஆயாக்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

சாப்பாடு?

உள்ளே அனுமதி இல்லை. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றியது) வாங்கிக் கொம்பியிலேயே முடித்துவிடலாம், கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டு இறங்குங்கள். போன தடவை ஒரு புரோகிராம் புத்தகம் முழுக்க மஞ்சள்.

எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம்?

இடைவேளையோடு இரண்டு மணி நேரம் கச்சேரி. டிரைவர் அண்ணனைப் பக்கவாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போகாமல் படிக்கட்டில் கூடுங்கள், பதினெட்டும் எண்ணிய பிறகுதான் வண்டி எடுப்பார்.